யப்பானிய நாசகாரிகளும் இலங்கைக் கடலும்

தீவாகப் பிறந்த நாடு கடலை மறந்து வாழ இயலாது. உண்ணும் அரிசியும் உடுக்கும் துணியும் கப்பலேறி வருகின்ற நாட்டுக்குக் கடலே அரண், கடலே அச்சம். இவ்வுண்மையை இலங்கை மக்கள் ஏட்டிலன்றி அநுபவத்திற் கற்றுக்கொண்ட காலம் 1942ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் யப்பானியக் கடற்படை இலங்கையின் அயலே வந்து, கொழும்பையும் திருகோணமலையையும் விமானங்களால் தாக்கிச் சென்றது. அத்தாக்குதலைப் பற்றிப் பேசுவோர் விமானங்களையும், அவற்றைச் சுமந்து வந்த பெருங்கப்பல்களையுமே பெரும்பாலும் நினைவுகூர்வர். அப்பெருங்கப்பல்களைச் சூழ்ந்து காவற் பரிவாரமாய் வந்த சிறிய கப்பல்களை நினைப்போர் மிகச் சிலரே. நாசகாரிகள் எனப்படும் அச்சிறு கப்பல்களின் வரலாறு வியப்பும் படிப்பினையும் ஒருங்கே உடையது. யப்பான் என்னும் நாடு எவ்வாறு உயர்ந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை அவ்வரலாற்றிலிருந்தே ஒருவாறு உணர்ந்துகொள்ளலாம்.

நாசகாரியின் கதை டோர்ப்பிடோவிலிருந்து தொடங்குகின்றது. நீருக்குள் தானே ஓடிச் சென்று பகைக்கப்பலின் அடிப்பாகத்தை மோதி வெடிக்கும் கணையே டோர்ப்பிடோவாகும். அத்திரியாத்திக் கடற்கரையிலுள்ள பியூமே நகரில் தொழில் புரிந்த ரொபேர்ட் வைற்ஹெட் என்ற ஆங்கில எந்திரவியலாளர் 1866ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். அதுவரையும் கடற்போரின் வெற்றி பெரிய பீரங்கியும் தடித்த இரும்புக் கவசமும் உடைய கப்பலுக்கே உரியதாயிருந்தது. ஆனால் கவசம் நீருக்கு மேலே இருந்தது. டோர்ப்பிடோவோ நீருக்குக் கீழே வந்தது. யானையின் துதிக்கையுட் புகுந்த எறும்பைப் போல, சிறியதொன்று பெரியதை வீழ்த்தும் வழி திறந்தது. இக்கணையை ஏந்திக்கொண்டு விரைந்தோடும் சிறு நீராவிப் படகுகளை 1870ஆம் ஆண்டுகளில் இலண்டனிலுள்ள கப்பற் கட்டுநர் அமைக்கத் தொடங்கினர். அவையே டோர்ப்பிடோப் படகுகள்.

இப்புதிய ஆயுதத்தின் பெருமையை விரைவில் உணர்ந்த நாடுகளுள் யப்பானும் ஒன்று. மெய்ஜி மன்னரின் ஆட்சியில் புத்துயிர் பெற்றெழுந்த அந்நாட்டிடம் பெரிய போர்க்கப்பல்களை நிறைய வாங்கும் செல்வம் இருக்கவில்லை. ஆகவே குறைந்த செலவில் நிறைந்த அச்சத்தை விளைக்கும் படகுகளை அது நாடியது. 1879ஆம் ஆண்டில் இலண்டன் யரோ கம்பனியிடம் நான்கு படகுகளுக்குக் கட்டளை கொடுத்தது. அவை பகுதி பகுதியாகக் கப்பலேற்றப்பட்டு, யொக்கோசுக்காத் துறைமுகத்திலே பொருத்தப்பட்டன. 1885ஆம் ஆண்டில் யப்பானியர் தாமே தேவைகளை வகுத்துக் கூறி, அதே கம்பனியிடம் இன்னொரு படகைக் கட்டுவித்தனர். கொட்டாக்கா என்பது அதன் பெயர். சிறு வல்லூறு என்பது அதன் பொருள். ஏறக்குறைய 200 தொன் நிறையுடைய அது, அக்காலத்தில் உலகிலிருந்த டோர்ப்பிடோப் படகுகளுள் மிகப் பெரியது. பிற்காலத்து நாசகாரிக்கு அதுவே முன்னோடி என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். 1886ஆம் ஆண்டில் யப்பானுக்கு அழைக்கப்பட்ட எமில் பேர்ட்டின் என்ற பிரான்சியக் கப்பற்சிற்பியும், விரைவான சிறு கலங்களால் பெரிய கடற்படையை எதிர்க்கலாம் என்னும் கொள்கையை அங்கே வலியுறுத்தினார்.

அக்கொள்கை பத்தாண்டுகளுக்குள் சோதனைக்குட்பட்டது. 1894ஆம் ஆண்டில் சீனாவுக்கும் யப்பானுக்குமிடையே போர் மூண்டது. சீனரிடம் யேர்மனியிற் கட்டப்பட்ட இரண்டு மாபெரும் கவசக் கப்பல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றாகிய திங் யுவான் சீனப் படையின் தலைமைக் கப்பல். தோல்வியுற்ற சீனப் படை வெய்ஹைவெய் துறைமுகத்துள் ஒதுங்கி, வாயிலில் மரங்களாலும் சங்கிலிகளாலும் தடை அமைத்துக்கொண்டது. 1895 பெப்ரவரி மாதத்துக் கடுங்குளிர் இரவுகளில் யப்பானியப் படகுகள் அத்தடையைக் கடந்து உட்புகுந்தன. திங் யுவான் டோர்ப்பிடோவால் தாக்குண்டு கரையொதுங்கியது. வேறு சில கப்பல்களும் மூழ்கின. சீன அட்மிரல் திங் சூசாங் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்விரவுகளிற் படகொன்றை நடத்திச் சென்ற இளம் அதிகாரிகளுள் சுசுக்கி கந்தாரோ என்பவரும் ஒருவர். இப்பெயர் நினைவில் வைக்கத் தக்கது. ஐம்பது ஆண்டுகளின் பின் யப்பானின் வரலாற்றில் மிகக் கொடியதொரு நாளில் இவர் மீண்டும் தோன்றுவார்.

டோர்ப்பிடோப் படகுக்கு மாற்றுத் தேடிய பிரித்தானியர், அதைத் துரத்தி அழிக்கும் பெரிய, விரைவான கலத்தை 1893ஆம் ஆண்டில் அமைத்தனர். டோர்ப்பிடோப் படகை நாசஞ் செய்வது என்ற பொருளிலேயே அதற்கு நாசகாரி என்னும் பெயர் வந்தது. ஆயினும் நாசகாரியும் டோர்ப்பிடோ ஏந்தியமையால், பகையை அழிக்கப் பிறந்தது பகையின் தொழிலையும் தானே மேற்கொண்டது. யப்பான் இவற்றையும் முதலில் இங்கிலாந்திலே வாங்கி, பின்னர் தன் தளங்களிலே கட்டக் கற்றுக்கொண்டது.

1904 பெப்ரவரி 8ஆந் திகதி இரவு, போர்ப் பிரகடனம் வெளியாகுமுன்னரே, பத்து யப்பானிய நாசகாரிகள் ஆதர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த இரசியக் கப்பல்களை அணுகின. ஏவப்பட்ட 16 டோர்ப்பிடோக்களுள் மூன்றே இலக்கிற் பட்டன. எனினும் இரசியரின் மிகச் சிறந்த கப்பல்களிரண்டும் ஒரு குறூசரும் சேதமுற்றன. சேதத்திலும் பெரிது அத்தாக்குதல் விளைத்த அச்சம். அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் இரசியாவின் பால்டிக் படை கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. இங்கிலாந்துக்கு அருகிலுள்ள வடகடலில் இரவு வேளையிலே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஹள் நகரத்துப் படகுகளைக் கண்ட இரசியர், யப்பானிய டோர்ப்பிடோப் படகுகள் வந்துவிட்டனவென்று மருண்டு சுடத் தொடங்கினர். ஏழை மீனவர் சிலர் உயிரிழந்தனர். இரசியக் கப்பல்கள் தம்முள்ளேயே ஒன்றையொன்று சுட்டன. யப்பானோ அங்கிருந்து உலகின் மறுபுறத்தில் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அப்படை ஆபிரிக்காவைச் சுற்றி, இந்து சமுத்திரத்தைக் கடந்து, 1905 ஏப்ரிலில் மலாக்கா நீரிணையூடாகச் சென்றது. மே 27, 28ஆந் திகதிகளில் சுஷிமா நீரிணையில் அட்மிரல் தோகோ அதனை எதிர்கொண்டார். பகற்போரிற் பீரங்கிகள் தம் வேலையைச் செய்தன. இரவானதும் ஐம்பதுக்கு மேற்பட்ட நாசகாரிகளும் டோர்ப்பிடோப் படகுகளும் ஓநாய்க் கூட்டம்போற் பாய்ந்தன. நவாரின் என்ற பெருங்கப்பலை அன்றிரவு மூழ்கடித்த நாசகாரிப் பிரிவின் தலைவர், முன் குறித்த சுசுக்கி கந்தாரோவே. காயமுற்ற இரசியத் தளபதி ரொஜெஸ்த்வென்ஸ்கி நாசகாரியொன்றில் ஏறித் தப்ப முயன்றபோது, இன்னொரு நாசகாரியாற் சிறைப்பிடிக்கப்பட்டார். இரசியப் படை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. யப்பானியர் இழந்தவை மூன்று சிறு படகுகள் மாத்திரமே.

ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசை வென்ற இச்செய்தி, அந்நிய ஆட்சியின்கீழ் இருந்த மக்களிடையே பெருங்கிளர்ச்சியை உண்டாக்கியது. பள்ளிப் பருவத்திலே இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த ஜவாஹர்லால் நேரு, சுஷிமாச் செய்தி தந்த மகிழ்ச்சியைத் தம் சுயசரிதையிற் குறித்திருக்கின்றார். அக்காலத்தில் யப்பான் பிரித்தானியாவின் நட்பு நாடு. 1902ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி முதலாம் உலகப் போரிலும் அது பிரித்தானியாவுக்குத் துணை நின்றது. 1914ஆம் ஆண்டு செப்டெம்பரில் எம்டன் என்னும் யேர்மன் கப்பல் சென்னையைச் சுட்டு அச்சுறுத்தியபோது, இந்து சமுத்திரத்தில் அதனைத் தேடியவற்றுள் யப்பானியக் கப்பல்களும் இருந்தன. 1917ஆம் ஆண்டில் ஒரு குறூசரும் எட்டு நாசகாரிகளும் மத்திய தரைக்கடலிலுள்ள மால்ற்றாத் தீவுக்குச் சென்று, துருப்புக் கப்பல்களுக்குக் காவலாயிருந்தன. அவற்றுள் சக்காக்கி என்னும் நாசகாரி டோர்ப்பிடோவால் தாக்குண்டு 59 பேரை இழந்தது. அவர்களுக்கான நினைவுச் சின்னம் மால்ற்றாவில் இன்றும் உளது. வணிகக் கப்பலைக் காத்தலும் நாசகாரியின் கடமை என்பதை யப்பானியர் அங்கே நேரிற் கண்டனர்; கண்டும் அதனை மறந்ததே பின்னர் அவர்களுக்குக் கேடாயிற்று.

முதற் போர் முடிந்தபின் யப்பானுக்கும் ஆங்கிலோ அமெரிக்க நாடுகளுக்குமிடையே நட்புக் குன்றியது. 1922ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கை பெரிய கப்பல்களின் தொகையை வரையறுத்தது. தொகையிற் குறைந்ததைத் தரத்தில் ஈடுசெய்ய யப்பான் முற்பட்டது. 1928ஆம் ஆண்டில் முடிவுற்ற புபுக்கி என்னும் நாசகாரி ஆறு பீரங்கிகளும் ஒன்பது டோர்ப்பிடோக் குழாய்களும் உடையதாய், உலகிலுள்ள ஏனைய நாசகாரிகளை ஒரே நாளிற் பழையனவாக்கியது. ஆனால் சிறிய உடலிற் பெரிய பாரத்தைச் சுமத்தியதன் பலனும் விரைவில் வெளிப்பட்டது. 1934 மார்ச்சில் தொமோசுரு என்னும் புதிய டோர்ப்பிடோப் படகு புயலிற் கவிழ்ந்தது. அதிலிருந்தோர் பெரும்பாலும் மாண்டனர். 1935 செப்டெம்பரில் கடற்படைப் பயிற்சியொன்று சூறாவளியிற் சிக்கியபோது, இரு நாசகாரிகளின் முன்பாகம் முறிந்து போயிற்று. அதன்பின் பல கப்பல்கள் பிரித்துத் திருத்திக் கட்டப்பட்டன.

இதே காலத்தில் யப்பானியர் மறைவாக வேறொரு காரியத்தைச் சாதித்தனர். டோர்ப்பிடோவை ஓட்டுவதற்கு ஏனைய நாட்டார் அழுத்திய காற்றையே பயன்படுத்தினர். காற்றின் பெரும்பகுதி எரிதலுக்கு உதவாத நைதரசன். அது குமிழிகளாய் மேலெழுந்து, கணை வரும் வழியைக் காட்டிக் கொடுத்துவிடும். யப்பானியரோ காற்றுக்குப் பதிலாகத் தூய ஒட்சிசனைப் பயன்படுத்தும் முறையைக் கண்டனர். 1933ஆம் ஆண்டில் நிறைவுற்ற அந்த 93ஆம் வகை டோர்ப்பிடோ 9 மீற்றர் நீளமும் 490 கிலோகிராம் வெடிமருந்தும் உடையது. மணிக்கு 48 கடல்மைல் வேகத்தில் 20 கிலோமீற்றர் வரையும், வேகத்தைக் குறைத்தால் 40 கிலோமீற்றர் வரையும் அது ஓடவல்லது. ஓடிய சுவடும் தெரிவது அரிது. பிற நாட்டு டோர்ப்பிடோக்கள் இத்தூரத்தில் ஒரு பகுதியையே ஓடின. இந்த ஆயுதத்தை ஏந்திய நாசகாரிகள் அமாவாசை இருளிலும் புயலிலும் இடைவிடாது பயிற்சி பெற்றன.

1941 டிசெம்பரிற் போர் மூண்டதும் அப்பயிற்சியின் விளைவு மலாயாக் கரையிலே தெரிந்தது. டிசெம்பர் 10ஆந் திகதி பிறின்ஸ் ஒவ் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் பிரித்தானியப் பெருங்கப்பல்கள் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுடன் புறப்பட்ட நான்கு நாசகாரிகளுள் வம்பயர், டெனெடொஸ் என்பன இரண்டு. முன்னது அவுஸ்திரேலியக் கப்பல்; பின்னது பிரித்தானியக் கப்பல்; இரண்டும் முதலாம் உலகப் போர்க் காலத்துப் பழங்கலங்கள். 1942 சனவரி 27ஆந் திகதி அதிகாலையில் வம்பயரும், தனெற் என்னும் வேறொரு நாசகாரியும் மலாயாவின் கீழ்க்கரையிலுள்ள எண்டோவுக்கு அப்பால் யப்பானியக் கப்பற் கூட்டத்தைத் தாக்கின. அமகிரி, யூகிரி முதலிய நாசகாரிகள் அவற்றை எதிர்த்தன. தனெற் மூழ்கியது, வம்பயர் தப்பிச் சிங்கப்பூர் சேர்ந்தது. பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூரே வீழ்ந்தது.

இச்செய்தி யாழ்ப்பாணத்து வீடுகளை நேராகத் தாக்கிய செய்தி. கோப்பாய் முதலான வலிகாமத்து ஊர்களிலிருந்து மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தொழில் பார்த்தோர் மிகப் பலர். மாதந்தோறும் வந்த மணியோடரை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் பல. சிங்கப்பூர் வீழ்ந்த நாள்முதல் மணியோடரும் நின்றது; கடிதமும் நின்றது. கணவன் உயிரோடிருக்கின்றானோ என்பதை அறியாமலே மனைவியரும், மகனின் சேதி கேளாமலே பெற்றோரும் மூன்றரை ஆண்டுகளைக் கழித்தனர். மார்ச் 8ஆந் திகதி இரங்கூன் யப்பானியர் கைப்பட்டதும், இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. மார்ச் 23ஆந் திகதி அந்தமான் தீவுகளும் பிடிபட்டன. வங்காள விரிகுடாவின் கீழ்க்கதவு இவ்வாறு அடைபட்டபின், அடுத்தது இலங்கையே என்று யாவரும் அஞ்சினர்.

அவ்வச்சம் வீணாகவில்லை. அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களும் நான்கு பெரும் போர்க்கப்பல்களும் இலங்கையை நோக்கி வந்தன. அவற்றைச் சூழ்ந்து இசோகாசே, ஹமகாசே, தனிகாசே, உரகாசே, கசுமி, அராரே, ககெரோ, அகிகுமோ முதலிய நாசகாரிகள் வந்தன. நாசகாரிகளுக்குக் காற்று, பனி, மழை, முகில் ஆகியவற்றின் பெயரை இடுதல் யப்பானியர் வழக்கம். இசோகாசே என்றால் கரைக்காற்று. கசுமி என்றால் மூடுபனி. அராரே என்றால் ஆலங்கட்டி. அகிகுமோ என்றால் இலையுதிர்கால முகில். சோளகமென்றும் வாடையென்றும் கச்சானென்றும் காற்றுக்குப் பெயரிட்டு அழைக்கும் யாழ்ப்பாணத்துக் கடலோடிகளுக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. மென்மையான இப்பெயர்களைத் தாங்கியே அக்கொடுங் கப்பல்கள் இலங்கைக் கடலிற் புகுந்தன.

ஏப்ரில் 4ஆந் திகதி மாலையில், இலங்கைக்குத் தென்கிழக்கே வெகுதூரத்தில், கனடா நாட்டு விமானி லெனாட் பேர்ச்சால் தம் கற்றலீனா விமானத்திலிருந்து இப்படையைக் கண்டார். கண்டதை வானொலியால் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானத்திலிருந்த ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரைக் கடலிலிருந்து எடுத்துச் சிறைப்படுத்தியது இசோகாசே என்னும் நாசகாரி. ஆனால் அவர் அனுப்பிய செய்தி கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல அவ்விரவே வெளியேறின.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. வெளியேற இயலாது துறைமுகத்தில் நின்றவற்றுள் ஒன்று, மலாயாக் கடலிலிருந்து தப்பி வந்த டெனெடொஸ். அது குண்டுபட்டு அங்கேயே மூழ்கியது. அன்று பிற்பகல் டோர்செற்ஷயர், கோண்வோல் என்னும் இரண்டு பிரித்தானியக் குறூசர்கள் நடுக்கடலில் மூழ்கின. 424 பேர் இறந்தனர். வெயிலிலும் எண்ணெய் படர்ந்த நீரிலும் ஒரு பகலும் இரவும் மிதந்துகிடந்த 1,122 பேரை, மறுநாள் ஒரு குறூசரும் இரு பிரித்தானிய நாசகாரிகளும் வந்து மீட்டன. அழிப்பதற்கென்று பெயர் பெற்ற கலம் அன்று உயிர்காக்கும் தோணியாயிற்று.

அடுத்த நாள், ஏப்ரில் 6ஆந் திகதி, வங்காள விரிகுடாவில் வேறொரு யப்பானியப் படை வேட்டையாடியது. அட்மிரல் ஒசாவாவின் குறூசர்களும், எண்டோவிலே போரிட்ட அமகிரி, யூகிரி முதலிய நாசகாரிகளும், துணையின்றிச் சென்றுகொண்டிருந்த வணிகக் கப்பல்களைச் சுட்டு மூழ்கடித்தன. சில நாட்களுள் 20க்கு மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் வீழ்ந்தன. கல்கத்தாவுக்கும் இலங்கைக்குமிடையிலான கப்பற் போக்குவரத்துச் சில காலம் நிலைகுலைந்தது.

ஏப்ரில் 9ஆந் திகதி காலையில் திருகோணமலை தாக்கப்பட்டது. சீனன்குடா விமான நிலையமும் எண்ணெய்த் தாங்கியொன்றும் துறைமுகக் கட்டடங்களும் எரிந்தன. தாக்குதல் வருமென்று அறிந்து முதல்நாள் இரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானியரின் கண்ணிற் பட்டது. அதிற் போர்விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அதற்குத் துணையாய்ச் சென்ற ஒரேயொரு நாசகாரி வம்பயர். சில நிமிடங்களில் ஹேர்மிஸ் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அடுத்து வம்பயரும் இரு துண்டாய்ப் பிளந்து தாழ்ந்தது. அயலிலே சென்றுகொண்டிருந்த வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரை மீட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒன்றாய்ப் புறப்பட்ட டெனெடொஸும் வம்பயரும் நான்கு நாள் இடைவெளியில், ஒன்று இலங்கையின் மேற்கிலும் ஒன்று கிழக்கிலுமாக முடிவெய்தின. ஹேர்மிஸின் உடல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் இன்றும் கிடக்கின்றது.

யப்பானியர் இலங்கையிற் கால்வைக்கவில்லை. அப்படை கிழக்கே திரும்பிவிட்டது. ஆனாற் கடல்வழி அடைபட்டதன் விளைவு இலங்கையின் ஒவ்வொரு அடுப்பிலும் தெரிந்தது. கூப்பன் முறையில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அதுவரை பலர் அறியாத கோதுமை மா உணவாயிற்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் மரவள்ளியும் குரக்கனும் பெருகின. ஒடியற் கூழுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. பலாலியில் விமானத் தளம் எழுந்தது. வயலுக்கும் போருக்கும் தொடர்பில்லையென்று எண்ணியிருந்த கமக்காரனும், வங்காள விரிகுடாவை ஆள்பவர் யார் என்பதைத் தன் உலைப்பானையில் அறிந்துகொண்டான்.

யப்பானிய நாசகாரிகளின் புகழ் 1942ஆம் ஆண்டின் இறுதியில் உச்சத்தை அடைந்தது. பசிபிக்கிலுள்ள குவாடல்கனால் தீவுக்கு அவை இரவுதோறும் துருப்புகளையும் உணவையும் கொண்டு சென்றன. அமெரிக்கர் அதனைத் தோக்கியோக் கடுகதி என்று அழைத்தனர். யப்பானிய மாலுமிகளோ மனங்கசந்து எலிப் போக்குவரத்து என்றனர். நவம்பர் 30ஆந் திகதி இரவு, தனக்கா என்ற தளபதியின் எட்டு நாசகாரிகள் வலிமை மிக்க அமெரிக்கப் படையைச் சந்தித்தன. ஒட்சிசன் டோர்ப்பிடோக்கள் நான்கு பெரிய குறூசர்களைத் தாக்கின, ஒன்று மூழ்கியது. இலங்கைக் கடலிற் காவல் புரிந்த ககெரோவும் அந்த எட்டினுள் ஒன்று.

ஆயினும் இருளிற் காணும் கண் இப்போது மாற்றாரிடம் பிறந்திருந்தது. அதுவே ராடார். 1943 ஆகஸ்டில் வெல்லா வளைகுடாவில் அமெரிக்க நாசகாரிகள் ராடாரின் உதவியால் மறைந்து நின்று மூன்று யப்பானிய நாசகாரிகளை டோர்ப்பிடோவாலேயே மூழ்கடித்தன. அதே மாதம் 2ஆந் திகதி, வங்காள விரிகுடாவில் வேட்டையாடிய அமகிரி, சொலமன் தீவுகளுக்கருகே இருளில் ஒரு சிறிய அமெரிக்க டோர்ப்பிடோப் படகை மோதிப் பிளந்தது. படகில் இருவர் மாண்டனர். எஞ்சியோரைக் காப்பாற்றிய அதன் இளந்தலைவர் ஜோன் கெனடி, பின்னர் அமெரிக்காவின் சனாதிபதியானார். அமகிரியின் தலைவர் ஹனாமி, போரின் பின் கெனடியுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். டோர்ப்பிடோப் படகை அழிக்கவே தோன்றிய நாசகாரி, ஐம்பது ஆண்டுகளின் பின்னும் தன் பழைய தொழிலை ஒருமுறை செய்து காட்டிய நிகழ்ச்சி இது. அமகிரியும் 1944 ஏப்ரிலிற் கண்ணிவெடியில் அகப்பட்டு மூழ்கியது.

யப்பானியரின் தோல்விக்கு ராடார் ஒன்றே காரணமன்று. ஒரு பெரும் இரவுப்போரில் பகைவரை அழித்துவிடலாம் என்ற நோக்குடன் அவர்கள் நாசகாரிகளை வளர்த்தனர். வணிகக் கப்பல்களுக்குக் காவல் செய்வதை வீரத்துக்கு ஒவ்வாத சிறுதொழிலாக மதித்தனர். எண்ணெய், அரிசி, இரும்பு யாவும் கடல்வழியே வரவேண்டிய தீவு நாடு அது. அமெரிக்க நீர்மூழ்கிகள் அவ்வழியை அறுக்கத் தொடங்கியபின்னும், கப்பற் காவலுக்கென ஒரு தலைமையகம் 1943 நவம்பரிலேயே நிறுவப்பட்டது. அப்போது காவலுக்கு வேண்டிய நாசகாரிகள் பல கடலடியிற் கிடந்தன. பகைவனை அடிக்கும் கைக்கு வலிமை தேடியவர்கள், உணவு கொண்டுவரும் கையைக் காக்க மறந்தனர். இலங்கையின் அரிசிக் கப்பலை நிறுத்தியவர்களின் சொந்த மக்களே, போரின் இறுதியிற் பசியால் வாடினர்.

1945 ஏப்ரில் 7ஆந் திகதி, யமாற்றோ என்னும் உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல், திரும்பி வருதலை எண்ணாத பயணமாக ஒக்கினாவாவை நோக்கிச் சென்றது. ஒரு குறூசரும் எட்டு நாசகாரிகளும் அதனுடன் சென்றன. அமெரிக்க விமானங்கள் யமாற்றோவை மூழ்கடித்தன. நாசகாரிகளில் நான்கு அழிந்தன. அவற்றுள் மூன்று இசோகாசே, ஹமகாசே, கசுமி. மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே ஏப்ரில் மாதத்து அதே வாரத்தில், இலங்கையை நடுங்கச் செய்த கலங்கள் அவை. நகுமோவின் படையோடு அன்று வந்த ஏனைய நாசகாரிகளும் அதற்குமுன்னரே ஒவ்வொன்றாய் அழிந்துபோயிருந்தன. அந்த ஏப்ரில் 7ஆந் திகதியே யப்பானில் ஒரு புதிய பிரதம மந்திரி பதவியேற்றார். அவர்தாம் சுசுக்கி கந்தாரோ. வெய்ஹைவெய்யிற் டோர்ப்பிடோப் படகோட்டிய இளைஞர் இப்போது 77 வயது முதியவர். யப்பானியக் கடற்படையின் எழுச்சியிற் பங்குகொண்ட அவரே, நான்கு மாதங்களின் பின் சரணாகதியை ஏற்ற அரசாங்கத்துக்கும் தலைவராயிருந்தார்.

இறுதி அங்கமொன்று இலங்கையிலிருந்தே தொடங்கியது. 1945 மே மாதம் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானியப் படையின் ஐந்து நாசகாரிகள், 16ஆந் திகதி அதிகாலை இருளிற் பினாங்குக்கு அப்பால் ஹகுரோ என்னும் யப்பானியக் குறூசரை நான்கு புறமும் வளைத்து டோர்ப்பிடோவால் மூழ்கடித்தன. இரவில் நெருங்கிச் சென்று தாக்கும் அக்கலை, யப்பானியர் ஐம்பது ஆண்டுகளாய்த் தமதென்று பெருமை கொண்டிருந்த கலை. ஹகுரோவுடன் சென்ற கமிகாசே என்னும் பழைய நாசகாரி மாத்திரம் தப்பியது. பின்னர் திரும்பி வந்து நீரிற் தத்தளித்தோரை ஏற்றிச் சென்றது. செப்டெம்பரில் மலாயா மீட்கப்பட்டபின், யாழ்ப்பாணத்துக்குக் கடிதங்கள் மீண்டும் வரலாயின. சில கடிதங்கள் வந்தன. சில வாராமலே போயின.

1951 செப்டெம்பரிற் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் சார்பிற் பேசிய நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா, விமானத் தாக்குதலால் ஏற்பட்ட சேதத்தை எடுத்துக் கூறியபின், அதற்காக நட்டஈடு கோரப்போவதில்லை என்று அறிவித்தார். பகை பகையாலே தணியாது என்னும் புத்தர் போதனையை அதற்குக் காரணமாகக் காட்டினார். யப்பானியர் அவ்வுரையை நன்றியோடு நினைவில் வைத்திருக்கின்றனர். போரிற் தப்பிய நாசகாரிகள் சில, வெளிநாடுகளிலிருந்து போர்வீரரைத் தாயகத்துக்குக் கொண்டுவரும் பணியைச் செய்தபின் வென்ற நாடுகளுக்குப் பங்கிடப்பட்டன. யமாற்றோவின் இறுதிப் பயணத்திலும் அழியாது மீண்ட யுக்கிகாசே சீனாவுக்குக் கொடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யப்பானியப் படகுகள் சிதைத்த கடற்படையின் நாட்டுக்கே அது சென்று சேர்ந்தது.

சிறியது பெரியதை வெல்லலாம் என்று உலகுக்குக் காட்டியது யப்பானின் டோர்ப்பிடோப் படகு. வெற்றியின்மேல் வெற்றியாய் அடுக்கியபோது, தான் ஒரு தீவு என்பதை அந்நாடு மறந்தது. தீவின் முதற் கப்பல் போர்க்கப்பலன்று; அரிசி கொண்டுவரும் கப்பலே. அதைக் காக்கும் கலம் எத்துணைச் சிறியதாயினும் அதன் தொழில் சிறுதொழிலன்று. 1942ஆம் ஆண்டிற் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற இலங்கை மக்களும், 1945ஆம் ஆண்டிற் பசித்திருந்த யப்பானிய மக்களும் ஒரே பாடத்தையே கற்றனர்.